வெயில் ஏறுது, சூறைக்காற்றும் வருமாம்: தார் விட்ட வாழைக்கு இப்பவே முட்டுக் கொடுக்கலாமா?

தடப்பள்ளி வாழை
ஏப்ரல் 26, இரவு 9.40

வணக்கம்ங்க. கோபிச்செட்டிபாளையம் பக்கம் இரண்டு ஏக்கரில் கதலி போட்டிருக்கிறேன். மொத்தம் இரண்டாயிரம் மரம் சொச்சம். அதில் எழுநூறு மரம் தார் விட்டாச்சு. வெட்டுக்கு இன்னும் ஐம்பது நாளாவது ஆகும். பேர்தான் தடப்பள்ளி வாய்க்கால் பாசனம், இப்போதைக்குப் பாய்வது கிணற்றுத் தண்ணீர்.

விஷயத்துக்கு வருகிறேன். இன்றைய வானிலை அறிக்கையை நான்கு தடவை படித்துவிட்டேன். உள் மாவட்டங்களில் அடுத்த ஐந்து நாளைக்கு அதிகபட்ச வெப்பநிலை இயல்பைவிட 2 முதல் 3 டிகிரி செல்சியஸ் வரை படிப்படியாக உயரக்கூடும் என்கிறது. இரண்டு வரி தள்ளி, மேற்கு மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன், மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர் வேகத்தில் சூறைக்காற்றுடன், லேசானது முதல் மிதமான மழை பெய்யக்கூடும் என்றும் இருக்கிறது. வெயில் ஏறும் என்கிறார்களா, மழை வரும் என்கிறார்களா? எதை நம்பி நான் வேலை பார்ப்பது?

போன வருடம் மே முதல் வாரத்தில் ஒரு சாயங்காலம். பன்னிரண்டே நிமிடம்தான் காற்று. திண்ணையில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்ததால் கணக்காகச் சொல்கிறேன். மழை என்று பார்த்தால் மாட்டுத் தொட்டியின் அடி நனைந்தது, அவ்வளவுதான். காலையில் போய் எண்ணினால் 180 மரம் படுத்துக் கிடக்கிறது. பாதிக்கு மேல் முற்றாத தார். பார்க்க வந்த வியாபாரி ஒரு தாரைக் காலால் புரட்டிப் பார்த்துவிட்டு, "பஜ்ஜிக்குக்கூட ஆகாதுங்க" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நிவாரணம் வேண்டுமானால் 33 சதவீதச் சேதம் இருக்கவேண்டும். என்னுடையது ஒன்பது சதவீதம்.

சவுக்குக் கழி ஒன்று 45 ரூபாய் சொல்கிறார்கள். எழுநூறு மரத்துக்கு 31,500. கூலி தனி. அப்பா, "கத்திரி பிறக்கட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்க. ஓரிரு இடங்கள் என்றால் என் தோட்டமும் அதில் உண்டா, இல்லையா?

---

வேலூர் வெயில்காரன்
ஏப்ரல் 26, இரவு 10.05

எங்கள் ஊரில் "ஓரிரு இடங்களில் மழை" என்றால், வேலூரைத் தவிர மற்ற ஓரிரு இடங்கள் என்று அர்த்தம். மார்ச்சிலிருந்தே வெயில் சதம் அடிக்கிறது. குடையைப் பரணில் போட்டாச்சு. மழையைப் பற்றிக் கவலைப்படும் ஒரு மனிதரைப் பார்க்கவே பொறாமையாக இருக்கிறது.

---

ஈரக்குமிழ்
ஏப்ரல் 27, காலை 6.15

தம்பி, வானிலை ஆய்வு நிலையங்களில் 31 வருடம் வெப்பமானி பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கணிப்பு எழுதும் நாற்காலியில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. அளந்து அனுப்புகிற ஆள். ஆனாலும் அறிக்கையில் வருகிற சொற்களோடு பழகியவன், அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"ஓரிரு இடங்களில்" என்பது வாய்க்கு வந்தபடி போடுகிற சொல் இல்லை. ஒரு பகுதியில் இருக்கிற மழை அளக்கும் நிலையங்களில் 25 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ மழை பதிவாகும் என்று எதிர்பார்த்தால் அப்படி எழுதுவார்கள். 26 முதல் 50 சதவீதம் என்றால் "ஒருசில இடங்களில்". அதற்கு மேலும் இரண்டு படி உண்டு. கோடை இடிமேகத்துக்குப் பெரும்பாலும் முதல் படிதான் வாய்க்கும். காரணம், தனி இடிமேகத்தின் அகலமே ஐந்து, பத்து கிலோமீட்டர்தான். கோபியில் கொட்டும்போது நம்பியூரில் புழுதி பறக்கும். உங்கள் தோட்டம் உண்டா என்று ஐந்து நாள் முன்னால் யாராலும் சொல்ல முடியாது. சொல்கிறேன் என்று யாராவது வந்தால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள்.

"லேசானது முதல் மிதமானது" என்பதற்கும் அளவு உண்டு. 2.5 மில்லிமீட்டரில் தொடங்கி 64.4 மில்லிமீட்டரில் முடிகிறது. எவ்வளவு அகலம் பாருங்கள். ஒரு முனையில் புழுதி அடங்கும், இன்னொரு முனையில் வரப்பு உடையும். இன்னொன்று, மழைக்கணக்குக்கு நாள் என்பது காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. சாயங்காலம் பெய்த மழை அடுத்த நாள் தேதியில்தான் ஏறும். இது தெரியாமல் "எங்கள் ஊரில் பெய்த மழையைக் காணோம்" என்று தொலைபேசியில் சண்டைக்கு வந்தவர்கள் எத்தனையோ பேர்.

சரி, வெயிலும் மழையும் ஒரே அறிக்கையில் எப்படி என்று கேட்டீர்களே, அதுதான் நல்ல கேள்வி. ஏப்ரல் 20 வாக்கில் சூரியன் உங்கள் ஊருக்கு நேர் உச்சியில் வந்துபோயிற்று. அன்றைக்கு மதியம் முற்றத்தில் உலக்கையை நட்டு வைத்திருந்தால் நிழல் அதன் காலடியிலேயே ஒடுங்கியிருக்கும். தரை சூடேறினால் மேலே இருக்கிற காற்று இலகுவாகி எழும். எழுந்தால் மட்டும் மழை வராது. அதற்குள் ஈரம் இருக்கவேண்டும். வங்காள விரிகுடாவிலிருந்து கிழக்குக் காற்று ஈரத்தைக் கொண்டுவந்து உள் மாவட்டத்தில் விட்டு, அது மேற்கிலிருந்து வரும் காற்றை முட்டுகிற நாளில், சூடு தீக்குச்சி மாதிரி. மலை இருந்தால் இன்னும் வசதி. உங்களுக்கு வடக்கே சத்தியமங்கலம் மலையும் பர்கூர் மலையும் இருக்கின்றன. மதியம் இரண்டு மணிக்கு முதல் மேகம் அங்கேதான் தலை தூக்கும்.

நிலையத்தில் இதைக் கண்ணால் பார்ப்போம். ஸ்டீவன்சன் பெட்டி என்று வெள்ளை அடித்த மரப்பெட்டி ஒன்று இருக்கும். பக்கமெல்லாம் சாய்வுச் சட்டம், கதவு வடக்கு பார்த்து, வெயில் உள்ளே விழாதபடி. உள்ளே இரண்டு வெப்பமானி பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். ஒன்று உலர்குமிழ். இன்னொன்றின் குமிழில் மெல்லிய மல் துணி சுற்றி, அதிலிருந்து ஒரு திரி கீழே தண்ணீர்க் குப்பிக்குள் போகும். அது ஈரக்குமிழ். சும்மா சுடுகிற நாளில் உலர்குமிழ் 40 என்றால் ஈரக்குமிழ் 21 காட்டும். காற்றில் ஈரப்பதம் 17 சதவீதம்கூட இராது. அன்று வானம் துடைத்த தட்டு. அதே சித்திரையில் இன்னொரு நாள் உலர்குமிழ் 38தான், ஈரக்குமிழோ 27. சட்டை முதுகில் ஒட்டும். பெட்டியைச் சாத்திவிட்டு வரும்போதே சைக்கிளை உள்ளே எடுத்து வைத்துவிடுவேன். நாலரை மணிக்கு மேல் வேலை இருக்கும் என்று தெரியும்.

இப்போது உங்கள் வாழைக்கு வருகிறேன். கோடை இடிமேகத்தில் நீங்கள் பயப்பட வேண்டியது மழைக்கு முன்னால் வருகிற காற்றுக்கு. மேகத்திலிருந்து விழும் மழைத்துளி கீழே வறண்ட, சூடான காற்றுக்குள் வரும்போது பாதி வழியிலேயே ஆவியாகிறது. ஆவியாக வெப்பம் வேண்டும், அதைச் சுற்றியுள்ள காற்றிலிருந்து எடுக்கும். காற்று சட்டென்று குளிர்ந்து கனத்துப்போகும். கனத்த காற்று கல் மாதிரி இறங்கித் தரையில் மோதி நாலாபக்கமும் ஓடும். அதுதான் உங்கள் பன்னிரண்டு நிமிடம். மாட்டுத் தொட்டி நிரம்பாமல் 180 மரம் விழுந்ததில் அதிசயமே இல்லை. துளி ஆவியாகப் போனதால்தான் காற்று அவ்வளவு வேகம் எடுத்தது. இந்த வாரம் 2, 3 டிகிரி கூடும் என்கிறார்களே, அந்தச் சூடு மேகத்தை எழுப்பவும் உதவும், இறங்குகிற காற்றுக்கு வேகமும் கொடுக்கும். ஒரே அறிக்கையின் இரண்டு வரியும் ஒரே ஆளைப் பற்றியது.

காற்று மரத்தைத் தள்ளுகிற விசை, வேகத்தின் வர்க்கத்துக்குத் தக்கபடி ஏறும். 25 கிலோமீட்டர் காற்று தள்ளுவதைவிட 50 கிலோமீட்டர் காற்று நான்கு மடங்கு தள்ளும். வாழைக்கு வேர் மேலோட்டம், தண்டு என்று நாம் சொல்வது சுருட்டிய இலையுறை, தலையில் பதினைந்து கிலோ தார்.

அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். ஆனால் கத்திரி மே 4-இல் பிறந்து 28-இல் முடிகிறது, மேகம் அந்தப் பஞ்சாங்கத்தைப் பார்ப்பதில்லை. 2025-இல் கத்திரி முடியும் முன்பே, மே 24 அன்று, கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டது. இயல்பான தேதி ஜூன் 1. உங்கள் பக்கம் வாழை சாய்ந்த செய்தி ஏப்ரலிலேயே வந்த வருடங்கள் எத்தனை என்று அவரையே கேளுங்கள், அவருக்கு என்னைவிட நன்றாக நினைவிருக்கும்.

என் யோசனை: நாளைக்கே தொடங்குங்கள், ஆனால் எழுநூறுக்கும் ஒரே மூச்சில் வேண்டாம். கனத்த தார், சாய்ந்து நிற்கும் மரம், ஓரத்து வரிசை, இவை முதலில்.

---

வேலூர் வெயில்காரன்
ஏப்ரல் 27, காலை 7.30

ஐயா, அப்படியே எனக்கும் ஒன்று. இவ்வளவு வெயில் அடித்தும் "வெப்ப அலை" என்று அறிவிக்க மாட்டேன் என்கிறார்களே, ஏன்?

---

ஈரக்குமிழ்
ஏப்ரல் 27, காலை 7.50

சமவெளியில் 40 டிகிரி தொட்டால் மட்டும் போதாது, இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடவும் இருக்கவேண்டும். அல்லது நேராக 45 தொடவேண்டும். உங்கள் ஊரில் இந்த மாதத்து இயல்பே அதிகம். இயல்பாகவே வெந்துகொண்டிருப்பவர்களுக்கு அந்தப் பட்டம் சுலபத்தில் கிடைக்காது.

---

சத்தி மேட்டுக்காடு
ஏப்ரல் 27, காலை 11.20

தம்பி, நாங்கள் சத்தியமங்கலம் பக்கம். பதினாறு வருடமாக நேந்திரனும் கதலியும். ஐயா சொன்னதில் எனக்குப் பாதி புதுசு, ஆனால் காற்று முன்னால் வரும் மழை பின்னால் வரும் என்பது எங்கள் தோட்டத்து நாய்க்குக்கூடத் தெரியும். அது கட்டிலுக்கு அடியில் போனால் நாங்கள் துணி எடுக்கப் போவோம்.

கழி விஷயம் கேளுங்க. 45 ரூபாய் என்பதை ஒரு போகத்துக்குக் கணக்குப் போடாதீர்கள். வெட்டு முடிந்ததும் பிடுங்கி, அடியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, தரையில் படாமல் கல் மேல் அடுக்கி வைத்தால் மூன்று போகம் வரும். நான் முதல் வருடம் வரப்போரம் அப்படியே போட்டேன். கரையான் தின்று, அடுத்த வருடம் தூக்கினால் கையில் மாவாகக் கொட்டியது.

நடுகிறதிலும் ஒரு முறை இருக்கிறது. கூலிக்கு வருகிறவர்கள் அவசரத்தில் மரத்துக்குப் பக்கத்தில் நேராகக் குத்தி வைத்துக் கயிறு போட்டுவிடுவார்கள். அது காற்றுக்கு நிற்காது. மரம் தார் தொங்குகிற பக்கம்தான் சாயும். அந்தப் பக்கத்திலிருந்து கழியைச் சாய்த்து, கழுத்துக்குக் கொஞ்சம் கீழே முட்டவேண்டும். கனத்த தார் என்றால் இரண்டு கழியைக் கத்தரி மாதிரி குறுக்கே கட்டி, அந்தக் கவட்டையில் மரம் உட்காரவேண்டும். கழியின் அடி ஒரு முழமாவது மண்ணுக்குள் போகட்டும். தார்க்காம்பில் கழி உரசினால் காம்பு அழுகும், நடுவில் காய்ந்த வாழைச்சருகை மடித்து வையுங்கள்.

பணம் முடை என்றால் பிளாஸ்டிக் பட்டை இருக்கிறது. எதிரெதிர் வரிசை மரங்களை ஒன்றோடு ஒன்று கழுத்தில் இழுத்துக் கட்டுவார்கள். செலவு குறைவுதான். எனக்குப் பிடிக்காது. ஒன்று விழுந்தால் பக்கத்து மரத்தையும் கூட்டிக்கொண்டு போகும். நான்கு வருடம் முன்னால் பட்டை கட்டிய ஒரு வரிசையே ஊர்வலம் மாதிரி சேர்ந்து படுத்தது.

காய்ந்து தொங்கும் இலைகளை அறுத்துவிடுங்கள், காற்று பிடிக்காது. பச்சை இலையில் கை வைக்காதீர்கள், இந்த வெயிலில் தார் வெந்துபோகும். அடியில் மண் அணைத்துவிடுங்கள். தண்ணீரைத்தான் ரொம்பப் பார்க்கணும். வெயில் கூடுகிறது என்று மத்தியானம் மடை திறந்து நிரப்பிவிட்டு, சாயங்காலம் காற்று வந்தால் மண் கூழாக இருக்கும், மரம் வேரோடு வரும். தண்ணீர் கட்டாமலும் இருக்க முடியாது, தார் சிறுத்துப்போகும். நாங்கள் விடியற்காலை நாலு மணிக்கு மோட்டார் போட்டு எட்டு மணிக்குள் முடித்துவிடுவோம். தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி.

---

அடையாறு மொட்டைமாடி
ஏப்ரல் 27, பிற்பகல் 3.10

சென்னையிலிருந்து குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். இங்கே 36 டிகிரி என்கிறார்கள், ஈரோட்டில் 40. ஆனால் போன மாதம் ஈரோட்டில் இரண்டு நாள் இருந்தபோது இவ்வளவு கஷ்டம் தெரியவில்லையே? எங்களுக்கு மழை எப்போது?

---

ஈரக்குமிழ்
ஏப்ரல் 27, மாலை 5.45

உங்கள் வியர்வை காய இடம் இல்லை, அதுதான் கஷ்டம். கடல் காற்று மதியத்துக்கு முன்பே வந்தால் வெப்பமானி இறங்கும், ஈரம் ஏறும். மேற்குக் காற்று வலுத்துக் கடல் காற்றை உள்ளே விடாத நாளில்தான் சென்னை நிஜமாகக் காயும். 2003 மே 31-இல் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி. உங்கள் மழைக்கு ஜூன் வரை பொறுங்கள். மேற்கே வேலூர், ராணிப்பேட்டைப் பக்கம் சாயங்காலம் கிளம்புகிற மேகம் இரவில் உங்களிடம் வந்து சேரும் காலம் அது. வேலூர்க்காரர் கோபித்துக்கொள்ளட்டும்.

இத்தோடு சென்னை பேச்சை நிறுத்துவோம், இது வாழைக்காரர் திரி.

---

தடப்பள்ளி வாழை
ஏப்ரல் 28, இரவு 8.55

ஐயாவுக்கும் அக்காவுக்கும் ரொம்ப நன்றிங்க. ஐயா எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "மல் துணி" வந்த இடத்தில் மறுபடியும் படி என்றார். முழுதும் கேட்டுவிட்டு, "அந்தக் குப்பியில தண்ணி காஞ்சா யாரு ஊத்துவாங்க?" என்று மட்டும் கேட்டார். அப்புறம் ஒன்றும் பேசவில்லை. காலையில் பார்த்தால் கழி ஏற்ற வண்டிக்குச் சொல்லி வைத்திருக்கிறார். இன்றைக்கு 210 மரம் முடிந்தது. அக்கா சொன்ன கத்தரிக் கட்டுதான்.

இரண்டு சந்தேகம். ஒன்று, அன்றன்றைக்கு மேகம் வருகிறதா என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது? கைப்பேசியில் ரேடார் படம் பார்த்தால் ஒன்றும் இல்லாத மாதிரி இருக்கிறது, வெளியே வந்தால் வடக்கே கறுத்து நிற்கிறது. இரண்டு, ஆட்கள் தோட்டத்துக்குள் இருக்கும்போது மின்னல் வந்தால் எங்கே நிற்கச் சொல்வது? வாழை உயரம் கம்மிதானே, உள்ளேயே நிற்கலாமா?

---

ஈரக்குமிழ்
ஏப்ரல் 29, காலை 6.30

குப்பியில் தண்ணீர் ஊற்றுவது நான்தான் என்று அப்பாவிடம் சொல்லுங்கள். காய்ந்துபோனால் ஈரக்குமிழ் உலர்குமிழோடு சேர்ந்து பொய் சொல்லும். உப்புத் தண்ணீர் ஊற்றினாலும் துணி விறைத்துப்போய்ப் பொய் சொல்லும். காய்ச்சி வடித்த தண்ணீர்தான் ஊற்றவேண்டும்.

ரேடார்: சென்னை, காரைக்கால், கொச்சி, இந்த மூன்றும் உங்களுக்குத் தொலைவு. கதிர் நேராகப் போகும், பூமி வளைந்து இறங்கும். 200 கிலோமீட்டர் தாண்டி உங்கள் ஊருக்கு வருவதற்குள் கதிர் பல கிலோமீட்டர் உயரத்தில் போய்க்கொண்டிருக்கும். மேகத்தின் தலையை அது பார்க்கும், காலடியில் ஓடுகிற காற்றைப் பார்க்காது. இளம் மேகத்தைத் தவறவிடவும் செய்யும். ஆகவே ஐந்து நாள் அறிக்கையைக் கழி வாங்குவதற்கு வையுங்கள். அன்றைய வேலைக்கு, வானிலை மையம் மாவட்டவாரியாக வெளியிடுகிற மூன்று மணி நேர எச்சரிக்கையைப் பாருங்கள். மின்னலுக்கு "தாமினி" செயலி இருக்கிறது. புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் செய்தது. உங்களைச் சுற்றி 20, 40 கிலோமீட்டருக்குள் மின்னல் விழுந்தால் காட்டும்.

அதற்கெல்லாம் மேலே உங்கள் கண். மலைமேல் எழும் மேகம் காலிஃபிளவர் மாதிரி விளிம்பு கூர்மையாக இருக்கும்வரை வளர்கிறது என்று அர்த்தம். தலை தட்டையாகி, கொல்லன் பட்டடை மாதிரி ஒரு பக்கம் இழுத்து விரிந்தால் முற்றிவிட்டது. அதற்கப்புறம் கீழே சாம்பல் திரை இறங்கும், தூரத்தில் புழுதி எழும், முகத்தில் சில்லென்று ஒரு காற்று படும். அந்தச் சில்லிப்புக்காகத்தான் எல்லோரும் வாசலில் வந்து நிற்பார்கள். நீங்கள் அதற்குள் வீட்டில் இருக்கவேண்டும். அது பட்ட சில நிமிடத்தில் மற்றதெல்லாம் வந்துவிடும்.

மின்னல்: வாழைக்குள் நிற்க வேண்டாம். வாழையின் உயரம் கம்மி என்றாலும் ஈரமான தோப்பு மறைவிடம் ஆகாது. பக்கத்தில் ஒரு தென்னையில் விழுந்தாலும் மின்சாரம் தரை வழியாக ஓடும். மரத்தடியில் ஒதுங்கிய ஆடுகள் கும்பலாக இறப்பது அதனால்தான். சுவரும் கான்கிரீட் கூரையும் உள்ள மோட்டார் அறை இருந்தால் உள்ளே போகலாம். ஆனால் சுவிட்ச் பெட்டி, குழாய், கம்பி எதையும் தொடாமல் நடுவில் நிற்கவேண்டும். நான்கு காலில் தகரம் போட்ட கொட்டகை உதவாது. கண்ணாடி ஏற்றிய கார், வேன் நல்லது. இரு சக்கர வண்டி கூடாது. முள்கம்பி வேலியை விட்டுத் தள்ளி வரச்சொல்லுங்கள்.

மின்னல் தெரிந்ததும் எண்ணத் தொடங்குங்கள். சத்தம் ஒரு கிலோமீட்டர் வர மூன்று நொடி ஆகும். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் அது பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது, மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கிளம்பவேண்டியதுதான். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆனபின் வெளியே வாருங்கள். யாருக்காவது அடிபட்டால் தொடப் பயப்படாதீர்கள், உடம்பில் மின்சாரம் தங்காது. மூச்சு இல்லையென்றால் நெஞ்சை அழுத்திக்கொண்டே 108-க்குச் சொல்லுங்கள்.

கேட்காத ஒன்றும் சொல்கிறேன். நேர்ச்சுவர் உள்ள ஒரு டப்பாவை மரநிழல் இல்லாத இடத்தில் சமமாக வையுங்கள். மழை நின்றபின் உள்ளே ஸ்கேலை விட்டால் எத்தனை மில்லிமீட்டர் என்று தெரியும். தோட்டத்துக்குச் சொந்தமாக ஒரு கணக்கு இருப்பது நல்லது.

---

சத்தி மேட்டுக்காடு
ஏப்ரல் 29, காலை 9.00

ஐயா, எங்கள் தோட்டத்து நாய் சொல்வதை நீங்கள் ஒரு பக்கம் எழுதிவிட்டீர்கள்.

---

தடப்பள்ளி வாழை
மே 2, காலை 9.15

நேற்று வந்துவிட்டதுங்க.

காலையிலிருந்தே புழுக்கம். பனியன் போட்டுக்கொண்டு பத்து அடி நடக்க முடியவில்லை. இரண்டரை மணிக்கு சத்தி மலைமேல் வெள்ளையாக எழுந்தது. நாலு மணிக்கு ஐயா சொன்ன மாதிரி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு விரிந்தது. ஆட்கள் ஐந்து பேர், கடைசி வரிசையில் கட்டிக்கொண்டிருந்தார்கள். போதும் வாங்க என்று மோட்டார் அறைக்குள் கூட்டிவந்தேன். அப்பா கதவுக்கு உள்ளே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மின்னலுக்கு மின்னல் எண்ண ஆரம்பித்துவிட்டார். இருபத்தி ரெண்டு, பதினாலு, எட்டு என்று சத்தமாக. எட்டு வந்தபோது எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டோம்.

காற்று 4.50-க்கு வந்தது. முதலில் சில்லென்று ஒரு வீச்சு, ஒருவன் "ஆஹா" என்று எழுந்து வாசல் பக்கம் போனான், அப்பா கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். அப்புறம் புழுதியில் எதிர்ச் சுவரே தெரியவில்லை. பதினான்கு நிமிடம். போன வருடத்தைவிட இரண்டு நிமிடம் அதிகம்.

இன்று விடிந்ததும் எண்ணினேன். கழி கொடுத்தது 540 மரம். அதில் விழுந்தது ஆறு. ஆறில் நான்கு, முதல் நாள் நான் பழகுவதற்கு முன் நேராகக் குத்திய கழி. அக்கா திட்ட வேண்டாம். கழி கொடுக்காத தார் மரம் 160-இல் 31 போயிற்று. தார் விடாத இளமரங்களில் இலை கிழிந்ததோடு சரி. பக்கத்துத் தோட்டத்துக்காரர் பட்டை கட்டியிருந்தார். அதைப் பற்றி எழுத மனசில்லை.

மீதிக் கழிக்கு இன்று வண்டி வருகிறது. விழுந்த தார்களில் பதினொன்று ஓரளவு முற்றியது, காய்கறிக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார்.

டப்பாவும் வைத்திருந்தேன். 6 மில்லிமீட்டர்.

---

ஈரக்குமிழ்
மே 2, காலை 9.40

ஏழு பேர் பத்திரமாக இருந்ததில் சந்தோஷம். அந்தக் கையைப் பிடித்து இழுத்தவருக்கு என் தனி வணக்கம்.

டப்பாவை எத்தனை மணிக்கு அளந்தீர்கள்?

---

தடப்பள்ளி வாழை
மே 2, காலை 9.52

8.30-க்குங்க. நான் ஆறு மணிக்கே எடுக்கப் போனேன். அப்பா விடவில்லை.